கையெழுத்துப் போடாத ஜார்ஜ் மேசன்

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகலாம்னு லிஸ்ட் போடுறவங்க ஜார்ஜ் மேசன் யுனிவர்சிட்டிங்கிற பேரைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்துல, வர்ஜீனியா மாநிலத்துல இருக்கு. ஃபீஸ் எவ்வளவு, ரேங்க் என்னன்னு தேடுவோம். அந்த மேசன் யாருன்னு தேட மாட்டோம். அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க, அவரைப் பத்திச் சொல்றேன். மனுஷன் கொஞ்சம் சிக்கலானவர்.

மேசன் 1725-ல் பிறந்தார். அப்போ வர்ஜீனியா பிரிட்டிஷ் காலனி. புகையிலைதான் அங்கே பணம். குடும்பத்துக்குப் பொட்டோமாக் ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் இருந்தது. 1735-ல் அப்பா அந்த ஆற்றிலேயே படகு கவிழ்ந்து இறந்துபோனார். மகனுக்கு அப்போ ஒன்பது வயசு. அப்பா உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் மொத்த நிலமும் மூத்த மகனுக்கே போகும் என்பது அன்றைய சட்டம். தங்கைக்கும் தம்பிக்கும் ஒரு ஏக்கர்கூடக் கிடையாது. அம்மா ஆன் தாம்சன் மேசன் சும்மா இருக்கவில்லை. சிக்கனமாகக் குடும்பத்தை நடத்தி, மிச்சம் பிடித்த பணத்தில் யாரும் குடியேறாத பகுதியில் மலிவாக நிலம் வாங்கி, சின்னப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கொடுத்தார்.

மேசன் காலேஜுக்கே போனதில்லை. ஜான் மெர்சர்னு ஒரு மாமா. அவர் வக்கீல், வீட்டிலேயே பெரிய நூலகம் வைத்திருந்தவர். அந்தப் புத்தகங்களைப் படித்தே மேசன் சட்டம் தெரிந்துகொண்டார். பட்டமும் இல்லை, வக்கீல் தொழிலும் பார்க்கவில்லை. ஆனாலும் சட்டத்தில் சந்தேகம் வந்தால் வர்ஜீனியாவின் பெரிய தலைகள் அவரைத்தான் தேடி வந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்து எஸ்டேட்காரர், ஜார்ஜ் வாஷிங்டன்.

1750-ல் ஆன் எயில்பெக்கைக் கல்யாணம் செய்தார். பெண்ணுக்கு வயசு 16. இருவரும் சேர்ந்து கன்ஸ்டன் ஹால் என்ற செங்கல் வீட்டைக் கட்டிக் குடியேறினார்கள். பிறந்த 12 குழந்தைகளில் 9 பேர் பிழைத்தார்கள். பிற்காலத்தில் மகன் ஜான் தன் இளமை நினைவுகளை எழுதி வைத்தார். அப்பா யோசனையில் இறங்கிவிட்டால் வீட்டில் ஒரு ஆள் இல்லாததே தெரியாதாம். நண்பர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆன மகளைச் சாப்பாட்டு மேஜையில் எங்கே காணோம்னு கேட்பாராம்.

அதே ஜான் இன்னொரு விஷயமும் எழுதியிருக்கிறார். எஸ்டேட்டுக்கு வெளியிலிருந்து வாங்க வேண்டியது மிகக் குறைவு. தச்சர், கொல்லர், தோல் பதனிடுபவர், செருப்புத் தைப்பவர், நூல் நூற்பவர், நெசவாளர் எல்லாரும் உள்ளேயே இருந்தார்கள். அவ்வளவு பேரும் அடிமைகள். மேசனுக்குச் சொந்தமாக நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

1773-ல் மனைவி ஆன் இறந்தார். மேசன் உடைந்துபோனார். அந்த வருஷமே உயில் எழுதினார். அரசியலைவிட அமைதியான குடும்ப வாழ்க்கையே மேல் என்று மகன்களுக்கு அதில் புத்தி சொன்னார். மகள்களுக்கு எந்தெந்த அடிமை என்பதையும் அதே உயிலில் பேர் சொல்லிப் பிரித்துக் கொடுத்தார். ரெண்டும் ஒரே காகிதம். இதை மறந்துடாதீங்க.

அரசியல் அவரை விடவில்லை. பிரிட்டனோடு சண்டை முற்றியது. 1776 மே மாதம், கௌட் என்கிற கீல்வாத வலியோடு, வில்லியம்ஸ்பர்க்கில் நடந்த வர்ஜீனியா மாநாட்டுக்கு லேட்டாக வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளில் உரிமைப் பிரகடனத்தின் வரைவை எழுதிக் கொடுத்தார். எல்லா மனிதரும் இயல்பிலேயே சுதந்திரமானவர்கள், அதிகாரம் மக்களிடமிருந்தே வருகிறது, பத்திரிகைச் சுதந்திரத்தைத் தடுக்கக்கூடாது. இன்னிக்கு நமக்கு சிவிக்ஸ் பாடம் மாதிரி இருக்கும். அன்னிக்கு ஒரு அரசே அதை எழுத்தில் ஏற்றுக்கொள்வது ரொம்பப் பெரிய விஷயம்.

சபையில் இருந்த சில நிலக்காரர்களுக்குத் திக்கென்றது. எல்லா மனிதரும்னா நம்ம அடிமைகளுமா? கடைசியில் ஒரு சின்ன வாக்கியப் பகுதியைச் செருகினார்கள். மனிதர்கள் ஒரு சமூகத்துக்குள் சேரும்போது இந்த உரிமைகளை இழக்க மாட்டார்கள் என்று மாற்றினார்கள். அடிமைகள் நம்ம சமூகத்திலேயே சேராதவர்கள், ஆகவே இது அவர்களுக்குப் பொருந்தாது என்று வைத்துக்கொண்டார்கள். பிரச்சினை முடிந்தது. ஜூன் 12-ல் பிரகடனம் நிறைவேறியது. 22 நாள் கழித்து வந்த ஜெஃபர்சனின் சுதந்திரப் பிரகடனத்தில் மேசன் வரைவின் சாயல் தெளிவாகத் தெரியும்.

1787-ல் அரசியல் சட்டம் எழுத ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். மேசனும் போனார். ஆகஸ்ட் 22 அன்று அடிமை வியாபாரத்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருவனும் ஒரு குட்டிக் கொடுங்கோலனாகப் பிறக்கிறான், இதற்கு நாடு மொத்தமும் விலை கொடுக்கும் என்பது அவர் வாதம். அவ்வளவு தெளிவாக அவருக்குத் தெரிந்திருந்தது. தென் கரோலினாவின் பிங்க்னி எழுந்து ஒரு கணக்குச் சொன்னார்: இறக்குமதி நின்றால் வர்ஜீனியாக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கும் அடிமைகளின் விலை ஏறும், லாபம் அவர்களுக்குத்தான். கசப்பான பதில். ஆனா தப்புன்னு சொல்ல முடியாது.

செப்டம்பரில், அரசியல் சட்டத்தோடு ஓர் உரிமைப் பட்டியலும் வேணும்னு மேசன் கேட்டார். சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். ஓட்டெடுப்பில் ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. 17-ஆம் தேதி 39 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி நாள் அங்கே இருந்தும் மறுத்தவர்கள் மூன்று பேர். அதில் மேசன் ஒருவர். இதனால் வாஷிங்டனோடு இருந்த நீண்ட கால நட்பு முறிந்தது. மேசன் பின்வாங்கவில்லை. 1791 டிசம்பர் 15-ல் உரிமைப் பட்டியல், முதல் பத்துத் திருத்தங்களாக நடைமுறைக்கு வந்தது. மேசன் கேட்டதில் பெரும்பகுதி அதில் இருந்தது.

இதோட நிறுத்தினா நல்ல ஹீரோ கதை. ஆனா 1788-ல் வர்ஜீனியா மாநாட்டில் அவர் வைத்த புகாரையும் பார்க்கணும். புதிய சட்டம் அடிமை இறக்குமதியை 1808 வரை அனுமதிக்கிறது, இது அநியாயம் என்றார். அதே மூச்சில், ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் அடிமைகள் என்ற சொத்துக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்றும் சொன்னார். 1782-லேயே வர்ஜீனியாவில் உரிமையாளர் நினைத்தால் அடிமைகளை விடுவிக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. மேசன் அதைப் பயன்படுத்தவில்லை. 1792 அக்டோபர் 7-ல் கன்ஸ்டன் ஹாலில் இறந்தார். அந்த மனிதர்கள் நிலத்தோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் போனார்கள்.

அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்னு நீங்க சொல்லலாம். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஆனா மேசன் விஷயத்தில் அது செல்லாது. அது தப்புன்னு சபையில் எழுந்து சொன்னவரே அவர்தான். மத்தவங்களுக்கு எழுதிக் கொடுத்த நியாயத்தைத் தன் வீட்டு வாசலுக்குள் மட்டும் அவர் விடவில்லை.

வாசலுக்குள் விடாதது அங்கேயே வளர்ந்தது. நினைவுகளை எழுதிய ஜானின் மகன் ஜேம்ஸ் மர்ரே மேசன், தாத்தா இறந்து ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவர். செனட்டர் ஆனார். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லும் 1850-ஆம் வருஷச் சட்டத்தை வரைந்தவர் அவர்தான். உள்நாட்டுப் போரில் அடிமை மாநிலங்களின் தூதராகவும் போனார். தாத்தா எச்சரித்த விலையை நாடு கொடுத்தபோது, பேரன் நின்றது எதிர்ப் பக்கம்.

யுனிவர்சிட்டி கேம்பஸில் மேசனுக்குச் சிலை இருக்கிறது. மாணவர்களும் பேராசிரியர்களும் சேர்ந்து பழைய ஆவணங்களைத் தேடி, அவருடைய அடிமைகளின் விவரங்களைத் திரட்டினார்கள். அதன் விளைவாக 2022-ல் அந்தச் சிலை இருக்கும் வளாகத்திலேயே அடிமைகளுக்கும் நினைவிடம் திறந்தார்கள். மேசனின் பணியாள் ஜேம்ஸ், பென்னி என்ற சிறுமி, இவர்கள் பேரை அங்கே படிக்கலாம். அட்மிஷன் கிடைச்சுப் போறவங்க சிலையோட ஒரு செல்ஃபி எடுத்துக்குங்க, தப்பில்லை. அப்படியே நினைவிடத்துக்கும் போய் அந்த ரெண்டு பேரையும் படிச்சுட்டு வாங்க.