ஆடலைக் காத்த அம்மையார்

கொட்டிவாக்கத்திற்கு வடக்கே, திருவான்மியூர்க் கடலோரத்தில் விளங்கும் கலாக்ஷேத்திராவை நிறுவியவர் ருக்மிணி தேவி. 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் நீலகண்ட சாஸ்திரியாரின் மகளாகத் தோன்றினார். 1920இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். ரஷ்ய ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பு, அவர் நெஞ்சைத் தாயகத்து ஆடலின்பால் திருப்பியது.

மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிர் பயின்று, 1935 டிசம்பரில் அடையாற்றுப் பிரம்மஞான சபையில் முதன்முதல் ஆடினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திரா மலர்ந்தது. ஆடலை இழிவெனக் கருதிய சமூகத்தில் அவர் மேடையேறியது பெருந்துணிவு. எனினும், சிருங்காரத்தை அவர் அடக்கியதைப் பாலசரஸ்வதி ஏற்கவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. அம்மரபில் வந்த மகளிர் பலர் மேடையினின்றும் விலகினர். கலை உயர்ந்தது, அதைக் காத்தளித்தோர் ஒதுங்க நேர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே அவர் வாழ்வைப் படித்தல் வேண்டும்.

1986 பிப்ரவரி 24ஆம் நாள் அம்மையார் மறைந்தார். இன்று அவ்வளாகத்தில் அவர் பெயரால் அருங்காட்சியகம் உண்டு. செப்புத் திருமேனியைக் கண்ணாடிப் பேழை காக்கும். ஆடலைக் காப்பது பயில்வோர் உடலே. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2010இல் மரீனா அப்ரமோவிச்சின் பழைய நிகழ்த்துகலைகளை இளையோரைக் கொண்டு மீண்டும் நிகழ்த்துவித்தது. அம்மையாரோ நெடுங்காலம் முன்னரே, கௌரி அம்மாளைக் கலாக்ஷேத்திராவில் அபிநய ஆசிரியராக அமர்த்தியிருந்தார்.