பரத்பூர் ஏரியும் சலீம் அலியும்

பங்குனி பிறந்ததும் இராசத்தானின் பரத்பூர் ஏரி பரபரப்படையும். குளிர்காலம் முழுவதும் அங்குத் தங்கிய ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் ஓயாது இரைதேடி உடலில் கொழுப்பைச் சேர்க்கும். இமயத்தைக் கடந்து வட ஆசியாவின் இனப்பெருக்க நிலங்களை அடைய அக்கொழுப்பே எரிபொருள். ஆகவே, ஏரி அழிந்தால் வலசையும் இடருறும். இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

1896 இல் பம்பாயில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய, மஞ்சள் கழுத்துடைய சிட்டின் பெயரை அறியும் ஆவலே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு இட்டுச் சென்றது. பின்னர் ஜெர்மனி சென்று எர்வின் ஸ்ட்ரெசெமானிடம் பயின்றார். பறவைகளின் காலில் வளையமிட்டு வலசையை அறியும் முறையையும் அங்குக் கற்றறிந்தார். 1930 இல் தாயகம் திரும்பியபோது, நிதியின்மையால் அவரது அருங்காட்சியகப் பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையற்ற அந்நாள்களில் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார்.

பரத்பூர் ஏரி, மன்னர்கள் வேட்டைக்கெனத் தாழ்நிலத்தில் நீர் தேக்கி உருவாக்கியது. 1938 இல் வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அதனைப் பெருமையாகக் கருதிக் கல்லிலும் பொறித்துவைத்தனர்! விடுதலைக்குப் பின் வேறோர் இடர் வந்தது. ஏரியை வடித்து, நிலத்தை வேளாண்மைக்குப் பங்கிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நிலமற்றோரின் அவ்வேட்கையை நியாயமற்றதெனத் தள்ளிவிட இயலாது. எனினும், ஏரியை ஒருமுறை இழந்தால் மீட்க முடியாது என்பதை உணர்ந்த சலீம் அலி, பிரதமர் நேரு வரை சென்று வாதாடினார். ஏரி பிழைத்தது, 1956 இல் பறவைகள் புகலிடமாயிற்று.

இதற்கிடையே, 1957 இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகளைக் கொன்ற புதுநோய் ஒன்று மனிதரையும் தாக்கியது. வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் அதைக் கொணர்ந்தனவோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய உலகச் சுகாதார நிறுவனம் அளித்த உதவியால், நெடுநாள் கனவான வளையமிடும் பணியைச் சலீம் அலி பெருமளவில் நடத்தினார். எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த சிறு உலோக வளையங்களோடு பரத்பூரிலிருந்து பறந்த வாத்துகள் சைபீரியாவில் கண்டெடுக்கப்பட்டன. பின்னாளில் தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் கழகம் இப்பணியை மேற்கொண்டது. ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவரும் இவரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்காலப் பறவையியலின் வழக்கம் அது.

1982 இல் பரத்பூர் தேசியப் பூங்காவானபோது எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. சலீம் அலியும் அத்தடையை ஆதரித்தார். எதிர்த்த கிராமத்தாருள் சிலர் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். 1987 இல் சலீம் அலி மறைந்தார். அவரது கழகமே நடத்திய நெடுநாள் ஆய்வு, பின்னர் எதிர்பாராத ஒன்றைக் கண்டது: எருமைகள் மேயாததால் புல் மண்டி, வாத்துகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்புச் சுருங்கியிருந்தது.