கண்ணை இழந்தார், வழி காட்டினார்!

சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் 1707-ம் ஆண்டு பிறந்தவர் லியோனார்டு ஆய்லர். கணித மேதை. 20-வது வயதில் ருஷியா சென்று, பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே ஒரு புதிர் அவரிடம் வந்தது. பிரஷியாவில் கோனிக்ஸ்பர்க் என்று ஓர் ஊர். ஆற்றின் மீது 7 பாலங்கள். எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழையும் கடக்க முடியுமா?

ஆய்லர் பாலத்தின் நீளத்தைப் பார்க்கவில்லை. எந்தக் கரையை எது இணைக்கிறது என்று மட்டும் பார்த்தார். ஒரு பாலத்தில் வந்தவன் வெளியேற மறு பாலம் வேண்டும். புறப்படும் இடமும் முடியும் இடமும் மட்டுமே விதிவிலக்கு. அங்கோ நான்கு நிலப்பகுதிகளிலும் பாலங்கள் ஒற்றைப்படை! எனவே முடியாது என்று 1735-ல் நிரூபித்தார்.

ருஷிய நாட்டு வரைபட வேலையிலும் இரவு பகலாக உழைத்தார். 1738-ல் வலக்கண் பார்வை போயிற்று. வரைபட வேலையே காரணம் என்று அவர் நம்பினார். முதுமையில் இடக்கண்ணும் போயிற்று. அவரோ சோர்ந்துவிடவில்லை. கணக்குகளை மனத்திலேயே போட்டார். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். 1783-ல் காலமானார்.

இன்று கம்ப்யூட்டருக்குச் சாலைச் சந்திப்பு ஒரு புள்ளி. சாலை ஒரு கோடு. எந்தச் சாலையில் எத்தனை வண்டிகள் போகும் என்று முன்கூட்டியே கணிப்பது இந்த வலையை வைத்துத்தான். அதற்கு வித்திட்டது அந்த 7 பாலப் புதிரே!