மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு இவர் பெயர் ஏன்? யார் இந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்?

தேனி, கம்பம், போடி பக்கம் அரசுப் பள்ளியில் படிச்சுட்டு கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு ‘புதுமைப் பெண்’ திட்டம் நல்லாவே தெரியும். மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். ஆனால், அதன் முழுப் பெயரில் வரும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் யாருன்னு கேட்டால், பலருக்கும் தெரியாது.

10 ரூபாய்க்குக் கைமாறிய சிறுமி

1883ல் பிறந்த ராமாமிர்தம் வளர்ந்தது மயிலாடுதுறை அருகே உள்ள மூவலூரில். குடும்பத்தில் கடும் வறுமை. 10 ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் சிறுமியைத் தேவதாசி ஒருவரிடம் தாய் ஒப்படைத்துவிட்டதாக அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

பாட்டும் நடனமும் கற்ற ராமாமிர்தம், பொட்டுக்கட்டும் வாழ்க்கைக்குள் போக மறுத்தார். தனக்குக் கலை சொல்லிக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே திருமணம் செய்துகொண்டார். பிறகு, தன்னைப் போன்ற பெண்களை மீட்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முதலில் காங்கிரஸில் இருந்தவர், 1925ல் பெரியார் வெளியேறியதும் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார்.

நாவல் ஏன் எழுதினார்?

தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி 1927லேயே சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். அதற்கு எதிர்ப்பும் பலமாக இருந்தது. கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்று தேவதாசிகளிலேயே ஒரு பிரிவினர் மனு கொடுத்தார்கள்.

இந்தச் சூழலில்தான் 1936ல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலை வெளியிட்டார் ராமாமிர்தம். பணக்கார மைனர்கள் சொத்தை இழப்பது ஒரு பக்கம். அந்த வாழ்க்கையே வேண்டாம்னு வெளியேறி, மற்ற பெண்களையும் மீட்கும் பெண்கள் இன்னொரு பக்கம். வெளியே இருந்து பார்த்தவர் எழுதிய கதை இல்லை இது. உள்ளே வளர்ந்த ஒரு பெண் எழுதியது. அதுதான் இதன் பலம்.

சட்டம் எப்போது வந்தது?

நாவல் வந்து 11 ஆண்டுகள் கழித்து, 1947ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. இதற்கிடையே 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடைப்பயணம் போனார், சிறைக்கும் சென்றார். அப்போது அவருக்கு வயது 55. 1962 ஜூன் 27ல் மறைந்தார்.

திருமண உதவி டூ கல்லூரிப் படிப்பு

1989ல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2022ல் அதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ல் தொடக்க விழா நடந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்கு, கல்லூரிப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதுதான் ஏற்பாடு. கல்யாணச் செலவுக்குப் போன பணம், படிப்புக்குப் போக ஆரம்பிச்சது.

கம்பம் பள்ளத்தாக்கில் விடியக்காலையிலேயே ஜீப் ஏறி கேரளா ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஏராளம். அவர்களுடைய மகள்களுக்கு இந்த 1,000 ரூபாய், பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்டாமல் படிக்க ஒரு வழி. அடுத்த முறை வங்கியிலிருந்து மெசேஜ் வரும்போது, 10 ரூபாய்க்குக் கைமாறிய அந்தச் சிறுமியையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.