தோல் வளையம் தந்த வலிமை – ஜோசப் பிரமா
(பத்தாம் வகுப்பு மாணவி)

தை பிறந்துவிட்டால் நம் தஞ்சைத் தரணியில் சம்பா அறுவடை களைகட்டிவிடும். முன்னாளில் வரிசை வரிசையாக ஆட்கள் குனிந்து அரிவாளால் அறுத்த வயல்களில் இன்று அறுவடை இயந்திரங்கள் இறங்குகின்றன. ஓட்டுநர் ஒரு கைப்பிடியை இலேசாக அசைக்கிறார். முன்புறமுள்ள அகன்ற வெட்டுப் பகுதி மேலே எழுகிறது, கீழே தாழ்கிறது. அவ்வளவு பாரத்தையும் தூக்குவது உருளைக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெயின் அழுத்தமே. அந்த எண்ணெய் வெளியே ஒழுகாமல் காப்பதோ, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு வளையம். பட்டறைக்காரர்கள் அதைச் சீல் என்பார்கள். அது தேய்ந்துவிட்டால் எண்ணெய் கசியும், வெட்டுப் பகுதி தானாகத் தாழும், வேலை நின்றுவிடும். வானம் இருட்டிக்கொண்டு வரும் நாளில், விளைந்த பயிர் வயலில் சாய்ந்து கிடக்க, ஒரு வளையத்துக்காகப் பட்டறை வாசலில் காத்து நிற்கும் உழவரின் தவிப்பை நம்மில் பலர் நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்திலேயே கண்டிருக்கிறோம்.

அதே வளையத்துக்காக இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தவித்த ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் பெயர் ஜோசப் பிரமா. இப்பெயரைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் சிரிப்பு எழுந்தது உண்மை. ஆனால் அவர் நாலு தலை கொண்ட பிரமன் அல்லர். இங்கிலாந்து நாட்டு உழவர் ஒருவரின் மகன்.

யார்க்‌ஷயர் பகுதியில் பார்ன்ஸ்லி நகருக்கு அருகே ஸ்டெயின்பரோ என்னும் சிற்றூரில் 1748-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பிரமா பிறந்தார். தந்தையைப் போல் ஏர் பிடித்து வாழ வேண்டியவர்தாம். ஆனால் பதினாறாம் வயதில் நேர்ந்த ஒரு விபத்தில் கால் ஊனமுற்றது. உழவு வேலைக்கு இனி உதவமாட்டான் என்று கண்ட பெற்றோர் அவரை ஊர்த் தச்சர் ஒருவரிடம் தொழில் பழக விட்டனர். கால் நொண்டியானாலும் கைகள் நுட்பமாக இயங்கின. தொழில் கற்று முடித்ததும், பிழைப்புத் தேடி இலண்டன் மாநகரம் சென்றார்.

அங்கே அவருக்குக் கிடைத்த வேலை செல்வந்தர் வீடுகளில் நீர்க் கழிப்பிடங்களைப் பொருத்துவது. இதைப் பள்ளி மலரில் எழுதலாமா என்று முதலில் தயங்கினோம். ஆனால் ஊர்ச் சுகாதாரத்தில் நம் அனைவருக்கும் பங்கு உண்டல்லவா? அக்காலக் கழிப்பிடத்தின் அடியில் நகர்ந்து திறக்கும் ஒரு தட்டு இருந்தது. குளிர்காலத்தில் அது பனியில் உறைந்து அசைய மறுத்தது. பிரமா அதற்குப் பதிலாகக் கீல் வைத்த ஒரு மூடியை அமைத்து 1778-இல் காப்புரிமை பெற்றார். நீரை ஒழுகாமல் அடைக்கவும் வேண்டும், அடைப்பு எளிதில் அசையவும் வேண்டும். இந்தச் சிக்கல்தான் பின்னாளில் அவரை வேறோர் உருவத்தில் மீண்டும் வந்து வாட்டியது.

அடுத்து அவர் கை வைத்தது பூட்டில். 1784-இல் காப்புரிமை பெற்ற அவரது பூட்டை எந்தக் கள்ளனாலும் திறக்க இயலாது என்பது அவர் நம்பிக்கை. 1790-இல் தம் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்புப் பலகை எழுதி வைத்தார். ஆண்டுகள் கடந்தன. அவர் மறைந்து வெகுகாலம் சென்ற பிறகு, 1851-இல் இலண்டனில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர்தாம் அதைத் திறந்தார். பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் அதனோடு போராடினாராம்! அவ்வளவு பொறுமையுள்ள கள்ளன் நம் வீட்டுக்கு வராமல் இருக்கட்டும்.

அத்தகைய பூட்டின் உறுப்புகளை அரம் வைத்துக் கையாலேயே ராவி முடிப்பது கடினம். அதற்கு உதவியாக 1789-இல் பதினெட்டே வயதான ஹென்றி மாட்ஸ்லே என்னும் இளைஞரை வேலைக்குச் சேர்த்தார். இவரை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தார். அதன்படி, 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறு தண்டை 10 கிலோ எடையால் அழுத்தினால், 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பெரிய தண்டு 1000 கிலோவைத் தூக்கும். சும்மா கிடைப்பதன்று, சிறு தண்டு 100 சென்டிமீட்டர் இறங்கினால் பெரிய தண்டு 1 சென்டிமீட்டர்தான் ஏறும். கணக்கு எளிது. ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக அது பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. அதை இயந்திரமாக்கி 1795-இல் காப்புரிமை பெற்றவர் பிரமா. அதனால்தான் நீரியல் அழுத்திக்குப் பிரமா அழுத்தி என்ற பெயரும் வழங்குகிறது.

காப்புரிமை கிடைத்துவிட்டது, ஆனால் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யவேண்டுமே! பெரிய தண்டு மேலும் கீழும் போய்வர வேண்டுமானால் அதற்கும் உருளைச் சுவருக்கும் இடையே மயிரிழை இடைவெளியாவது வேண்டும். அந்த இடைவெளி வழியே நீர் பீறிட்டது. சணல் திரியைச் சுற்றித் திணித்து, மேலிருந்து திருகி இறுக்கிப் பார்த்தனர். நீர் நின்றது, தண்டும் நின்றுவிட்டது! அழுத்தத்தை விடுவித்த பிறகும் அது கீழே இறங்க மறுத்து, இறுக்கிய பிடியில் சிக்கிக்கொண்டது. தளர்த்தினால் ஒழுகல், இறுக்கினால் உராய்வு. இன்றைக்கும் எந்தச் சீலைத் தேர்ந்தெடுப்போரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

இதற்கு வழி கண்டவர் மாட்ஸ்லே. பிற்காலத்தில் மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்த நாஸ்மித் என்னும் பொறியாளர் இச்செய்தியைத் தெரிவித்திருக்கிறார். நல்ல தோலை எடுத்து, ஓரங்கள் மடிந்து ஒரு சிறு வாய்க்கால் போல் குழிவு விழும்படி வளையமாக்கினார்கள். அந்தக் குழிவின் வாய் நீர் வரும் பக்கம் பார்த்து இருக்கும். நீர் அழுத்தத்தோடு வந்து குழிவுக்குள் புகும்; ஒரு மடிப்பைத் தண்டின் மீதும் மறு மடிப்பைச் சுவரின் மீதும் தானே தள்ளி ஒட்டச் செய்யும். அழுத்தம் ஏற ஏறப் பிடி இறுகும். அழுத்தம் நீங்கியதும் தோல் தளரும். தண்டு தடையின்றி இறங்கும். வெளியே ஓடப் பார்க்கும் நீரையே வாசலுக்குக் காவல் வைத்தாற்போல! இதைப் படம் வரைந்து புரிந்துகொண்டபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் அல்ல. திருகாணியும் வேண்டாம், இறுக்க ஆளும் வேண்டாம்.

ஆனால் நடந்த முடிவு எங்களுக்கு மனநிறைவு தரவில்லை. மாட்ஸ்லேக்கு வாரக் கூலி 30 ஷில்லிங். திருமணமாகிக் குடும்பம் பெருகிய நிலையில் 1797-இல் அவர் கூலி உயர்வு கேட்டார். பிரமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வெளியேறித் தனிப் பட்டறை வைத்தார். திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தால் பெரும்புகழ் பெற்றார். அழுத்தி பிரமாவின் பெயரால் வழங்குகிறது. அதை ஓடச் செய்த தோல் வளையத்துக்கு மாட்ஸ்லேயின் பெயர் இல்லை. கால் ஊனத்தால் தாமே துன்பம் அறிந்த பிரமா, பிறர் வீட்டு அடுப்பையும் சற்று நினைத்திருக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பிரமா மொத்தம் 18 காப்புரிமைகள் பெற்றார். அவற்றுள் மரம் இழைக்கும் இயந்திரமும் உண்டு. இங்கிலாந்து வங்கியின் பணத்தாள்களில் வரிசை எண் அச்சிடும் இயந்திரத்தை 1806-இல் செய்தளித்தார். தம் நீரியல் அழுத்தியைக் கொண்டே ஹாம்ப்ஷயர் பகுதியில் ஹோல்ட் காட்டு மரங்களை வேரோடு பிடுங்கும் வேலையை நேரில் நின்று கவனித்தபோது குளிர் தாக்கியது. நுரையீரல் அழற்சியாக முற்றி, 1814 டிசம்பர் 9-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 66.

அவர் மறைந்த பின் 1849-இல் வேல்ஸ் நாட்டில் பிரிட்டானியா பாலத்தின் மாபெரும் இரும்புக் குழாய்களைத் தூக்கி நிறுத்தியவை நீரியல் அழுத்திகளே.

தோல் வளையம் நெடுங்காலம் உழைத்தது. நம் ஊர்க் கைப்பம்புகளிலும் தோல் வாஷர்தான் இருந்தது. அது தேய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் ஏறாது. குடத்தோடு நிற்கும் பெண்களின் வரிசைதான் நீளும். கோவை மாவட்டத்தில் 1983 முதல் சில ஆண்டுகள் நடந்த கைப்பம்புச் சோதனையில், தோலுக்குப் பதில் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்தபோது அது தோலைவிடப் பல மடங்கு காலம் தாங்கியது.

ஆனால் ரப்பருக்கும் எல்லை உண்டு. பூச்சிமருந்து தெளிக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். சில மருந்துகளில் கலந்திருக்கும் கரைப்பான்கள் ரப்பரை ஊறி உப்பச் செய்துவிடும். வாஷர் உப்பினால் இறுகும், பிறகு கிழியும்; மருந்து கசிந்து தெளிப்பவரின் முதுகை நனைக்கும். தோலின் வழியே நஞ்சு உடலில் ஏறும். ஆகவே இரசாயனத்தைத் தாங்கும் சீல் என்பது பெரிய தொழிற்சாலைகளின் கவலை மட்டுமன்று. குறுவை வயலில் மருந்தடிக்கும் கூலியாளின் கவலையும் ஆகும்.

இங்கேதான் பிளாஸ்டிக் வருகிறது. 1938 ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார் ஒரு வாயுச் சிலிண்டரைத் திறந்தார். வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத் தூள்! டெஃப்லான் என்று பின்னர் பெயர் பெற்ற பொருள் அதுவே. குழாய் மரையில் பிளம்பர் சுற்றுகிறாரே வெள்ளை நாடா, அது அந்தப் பொருள்தான். ஏறக்குறைய எந்த அமிலமும் காரமும் அதை ஒன்றும் செய்யா. சுமார் 260 டிகிரி செல்சியஸ் வெப்பம்வரை தாங்கும். அதன்மேல் எதுவும் எளிதில் வழுக்கும். ஒழுகல், உராய்வு என்னும் பிரமாவின் இரண்டு தொல்லைகளுள் உராய்வுக்கு இதைவிட நல்ல மருந்து அரிது.

குறையும் இல்லாமல் இல்லை. ரப்பரைப் போல் மீண்டெழும் தன்மை இதற்குக் கிடையாது. தொடர்ந்து அழுத்தினால் மெல்ல மெல்ல நெளிந்து பரவும்; தனியாக இருந்தால் விரைவில் தேயவும் செய்யும். எனவே கண்ணாடி இழை, கரி, வெண்கலத் தூள் இவற்றைக் கலந்து உறுதியாக்குவார்கள். பின்னால் ஒரு ரப்பர் வளையமோ எஃகுச் சுருளோ வைத்துத் தாங்குவார்கள். வெண்கலம் கலந்தது எண்ணெயில் ஓடும் உருளைகளுக்கு நன்று. அமிலத்தில் வெண்கலம் அரிக்கப்படும் என்பதால் அங்கே கரி கலந்ததே ஏற்றது. பட்டறையில் தேர்ந்த கைகள் அளவை மட்டும் பார்த்துச் சீல் கொடுப்பதில்லை. உள்ளே ஓடுவது எண்ணெயா, நீரா, மருந்தா என்று கேட்கிறார்கள். சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, தண்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்றும் கேட்கிறார்கள்.

அப்படி வாங்கிய சீல்களுள் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பலவற்றில் மடிந்த இரு உதடுகளும் நடுவே ஒரு குழிவும் தெரியும். மாட்ஸ்லேயின் தோல் வளையத்தின் அதே உருவந்தான். பொருத்துமுன் மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, குழிவின் வாய் அழுத்தம் வரும் பக்கம் இருக்கிறதா என்பதற்காகவே. தலைகீழாகப் போட்டுவிட்டால் புதுச் சீலானாலும் எண்ணெய் கொட்டும்.