வெரோனிகா கெரின்: டப்ளின் நகரின் அஞ்சாத எழுதுகோல்

காலையில் விரித்த செய்தித்தாளை மாலையில் மடித்து மூலையில் இட்டுவிடுவது நம் வழக்கம். அதிலுள்ள ஒரு பத்திச் செய்தியைத் திரட்டுவதற்காக ஒருவர் தம் உயிரையே பணயம் வைத்திருக்கக் கூடும் என்னும் எண்ணம் நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. அயர்லாந்து நாட்டின் செய்தியாளர் வெரோனிகா கெரின் அம்மையாரின் வரலாறு அவ்வெண்ணத்தை நம்முள் விதைக்க வல்லது.

டப்ளின் நகரின் வடபகுதியான ஆர்ட்டேன் என்னும் இடத்தில், 1950-களின் இறுதியில் அவர் பிறந்தார். தந்தையார் கணக்கர். மகளும் கணக்கியலே பயின்று தந்தையாரின் நிறுவனத்திலேயே பணிபுரிந்தார். கூடைப்பந்திலும் கால்பந்திலும் தேர்ந்தவர். நாட்டின் பெண்கள் அணிக்காகவும் ஆடியவர். தந்தையார் மறைந்தபின் 1983-இல் மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். ஃபியன்னா ஃபாயில் கட்சித் தலைவர் சார்லஸ் ஹாகியின் கீழ் அரசியல் பணியும் ஆற்றினார். 1985-இல் இல்லறம் ஏற்று ஓர் ஆண்மகவுக்குத் தாயுமானார்.

இதழியலுக்கு அவர் வந்தது 1990-இல்தான். முப்பது வயதைக் கடந்தபின் ஒரு புதிய துறைக்கு வந்தவர், சில ஆண்டுகளிலேயே நாடறிந்த பெயரானார். சண்டே பிசினஸ் போஸ்ட், சண்டே டிரிப்யூன் ஆகிய ஞாயிறு இதழ்களில் எழுதிய அவர், பதவி துறந்து அயல்நாடு சென்றுவிட்ட ஆயர் ஏமன் கேசியைத் தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாடு வரை தேடிச்சென்று 1993-இல் நேர்காணல் பெற்றார். தொலைபேசியில் கேட்டு எழுதுவது அவருக்கு உடன்பாடன்று. வாயிற்கதவைத் தட்டி நேருக்கு நேர் வினவுவதே அவர்தம் முறை.

1994-இல் சண்டே இண்டிபெண்டன்ட் இதழுக்காகக் குற்ற உலகைப் பற்றி எழுதத் தொடங்கினார். அயர்லாந்தின் மக்கள்தொகை அந்நாளில் ஏறத்தாழ 36 இலட்சமே. அச்சிறு நாட்டின் தலைநகரில், 1980-களில் பரவிய ஹெராயின் என்னும் போதைப்பொருள் ஏழை இளைஞர் பலரைச் சீரழித்திருந்தது. கும்பல் தலைவர்கள் யாவர் என்பதைக் காவல்துறை அறியும், அக்கம்பக்கத்தாரும் அறிவர். எனினும் பெயரைச் சொல்வார் இலர். அந்நாட்டின் அவதூறுச் சட்டம் கடுமையானது. பெயரிட்டு எழுதினால் இதழே இழப்பீடு தரநேரும். ஆகவே துறவி, தளபதி, பயிற்சியாளர் எனப் பட்டப்பெயர்களாலேயே குற்றவாளிகளைச் சுட்டி எழுதினர். படிப்போர் ஆளைப் புரிந்துகொண்டனர். வழக்குத் தொடுக்க முனைந்தால், அப்பெயருக்குரியவன் தானே எனத் தானே ஒப்புக்கொள்ள வேண்டிவரும்!

அம்மையாருக்குக் கைகொடுத்தது அவர் பயின்ற கணக்கியல். கும்பல் தலைவன் எவனும் போதைப்பொருளைத் தன் கையால் தொடுவதில்லை, தொடுவோர் கூலிகள். ஆனால் பணம் அவனிடம் வந்தே தீரும். வந்த பணம் மாளிகையாகவும் மகிழுந்தாகவும் வெளிப்படும். தொழில் ஏதுமற்றவனுக்கு இச்செல்வம் எங்ஙனம் வந்தது? இவ்வெளிய வினாவையே அவர் விடாது எழுப்பினார். சிகாகோவின் அல் கபோன் 1931-இல் சிறைபுகுந்தது கொலைக்காக அன்று, வருமான வரி ஏய்ப்புக்காகவே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

எதிர்ப்பும் விரைந்து வந்தது. தளபதி எனப்பட்ட மார்ட்டின் காஹில் 1994 ஆகஸ்டில் கொல்லப்பட்டது பற்றி அவர் எழுதியதைத் தொடர்ந்து, அக்டோபரில் அவர் இல்லத்தின்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 1995 ஜனவரி 30 மாலை, அழைப்பு மணி கேட்டுக் கதவைத் திறந்தவரின் தலைக்கு நேரே ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். குண்டு தொடையில் பாய்ந்தது. தேறியதும் ஊன்றுகோலுடன் சென்று நிழலுலகத் தலைவர்களை நேரில் கண்டார் என்பது நம்புதற்கரிய செய்தி, எனினும் உண்மை. காவல்துறை அளித்த பாதுகாப்பையும் நாளடைவில் வேண்டாவென்றார். காவலர் உடனிருந்தால் செய்தி தருவோர் அணுகமாட்டார் என்பது அவர் கருத்து.

ஜான் கில்லிகன் என்பவன் 1993-இல் சிறையினின்று வெளிவந்தவன். இரண்டே ஆண்டுகளில் கில்டேர் மாவட்டத்தில் பரந்த நிலமும் மாபெரும் குதிரையேற்ற அரங்கும் அவன் குடும்பத்திற்கு உரியவாயின. 1995 செப்டம்பரில் அம்மையார் தனியே அங்குச் சென்று, அந்தச் செல்வத்தின் ஊற்று எது என்று கேட்டார். தம்மை அவன் கடுமையாகத் தாக்கினான் எனவும், மறுநாள் தொலைபேசியில் தம் சிறு மகனுக்குத் தீங்கிழைப்பதாக மிரட்டினான் எனவும் அவர் முறையிட்டார்; வழக்கும் பதிவாயிற்று. அவ்வாண்டின் இறுதியில், இதழியலாளர் பாதுகாப்புக் குழுவின் பன்னாட்டு இதழியல் சுதந்திர விருது நியூயார்க்கில் அவருக்கு வழங்கப்பெற்றது.

அத்தாக்குதல் வழக்கு 1996 ஜூன் 25 அன்று ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள், மகிழுந்தை அதிவேகமாக ஓட்டிய ஒரு சிறு வழக்கிற்காக நேஸ் நகர நீதிமன்றம் சென்ற அம்மையார், டப்ளினுக்குத் திரும்பும் வழியில் சிவப்பு விளக்குக்காக வண்டியை நிறுத்தினார். மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்து வந்த இருவருள் ஒருவன் ஆறு முறை சுட்டான். உயிர் அவ்விடத்திலேயே பிரிந்தது. ஆபத்திற்கிடையே பணிபுரியும் இதழியலாளர் பற்றிய கருத்தரங்கில் உரையாற்ற அவர் இலண்டன் செல்லவிருந்தது இரண்டு நாள் கழித்து.

நாடே கொதித்தெழுந்தது. ஜூலை 4 அன்று தொழிற்சங்கங்களின் அழைப்பை ஏற்று மக்கள் பணிகளை நிறுத்தி அமைதி காத்தனர். ஆகஸ்டிலேயே குற்ற வருவாய்ச் சட்டம் நிறைவேறியது. அக்டோபரில் குற்றச் சொத்துகள் பணியகம் சட்டப்படி அமைந்தது. காவல்துறையினரும் வரித்துறையினரும் சமூகநலத் துறையினரும் அதில் ஒருங்கே பணிபுரிவர். குற்றத்தீர்ப்பு இல்லாதவிடத்தும், சொத்து குற்றத்தால் வந்தது என உயர்நீதிமன்றம் கருதுமாயின் அதனை முடக்கலாம். அம்மையார் தனியொருவராய் வாயில்தோறும் கேட்ட வினாவை அதன்பின் அரசே கேட்கலாயிற்று.

அவரைக் குறைகூறுவோரும் உண்டு. சிறு குழந்தையின் தாய் இத்துணை அபாயத்தை மேற்கொண்டது முறையோ என்பர் சிலர். விற்பனை கருதி இதழ் நிறுவனம் அவரைத் தடுக்கவில்லை எனச் சாடி 1998-இல் எமிலி ஓரைலி ஒரு நூலே எழுதினார். இதழ் நிறுவனத்தை நோக்கிய வினாவில் நியாயம் உண்டு என்றே கருதுகிறேன். முதற்குண்டு பாய்ந்த அன்றே அவரை வேறு பணிக்கு மாற்றியிருக்கலாம். தாய்மையைச் சுட்டும் வினா அத்தகையதன்று. ஆடவர் ஒருவர் அவ்விதம் இறந்திருந்தால், தந்தையாய் இருந்துகொண்டு ஏன் சென்றார் என எவரும் கேட்டிருப்பரோ?

வழக்குகள் நெடிது நடந்தன. 1999-இல் பிரையன் மீஹன் கொலைக்குற்றத்திற்காக வாழ்நாள் சிறை பெற்றான். முன்னரே தண்டனை பெற்ற பால் வார்டின் தீர்ப்பு 2002-இல் மேல்முறையீட்டில் தள்ளுபடியாயிற்று. கில்லிகன் 2001-இல் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டான். கஞ்சா கடத்தியமைக்காக 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அது பின்னர் 20 ஆண்டாகக் குறைய, 2013 அக்டோபரில் வெளியே வந்தான். தாக்குதல் வழக்கோ, சாட்சி சொல்ல வேண்டியவரே மறைந்தமையால் அப்போதே வீழ்ந்தது. குதிரையேற்ற அரங்கைப் பணியகம் கைப்பற்றியது.