பித்தா... பரவசமா?

பூஜை அறையில் கண்மூடி நிற்கிறீர்கள். குக்கர் விசில்கூடக் காதில் விழவில்லை. அப்படி ஒரு கணம் உங்களுக்கும் வாய்த்திருக்கும், இல்லையா? அதுவே மணிக்கணக்கில் நீண்டால்? வீட்டில் பதறிப்போவார்கள். ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சரின் குடும்பத்தாரும் அப்படித்தான் பதறினார்கள்!

1836-ல் வங்காளத்தின் காமார்புகூரில் பிறந்தவர் அவர். பிள்ளைப் பெயர் கதாதரர். சிறுவனாக வயல் வரப்பில் பொரி தின்றபடி நடந்தபோது, கருமேகத்தின் குறுக்கே வெண்கொக்குகள் பறந்தன. அந்த அழகில் லயித்து நினைவிழந்து விழுந்தார்.

1855-ல் ராணி ராசமணி எழுப்பிய தட்சிணேசுவரம் காளி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அடுத்த சில காலத்தில் அங்கே பூஜை செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. அன்னையை நேரில் காணவேண்டும் என்ற தவிப்பில் ஊணையும் உறக்கத்தையும் மறந்தார். சுற்றியிருந்தவர்கள் பித்து என்றார்கள். வைத்தியம் பார்த்தும் பலனில்லை. கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று 1859-ல், அக்கால வழக்கப்படி, ஐந்து வயது சாரதாமணியை மணம் முடித்து வைத்தார்கள்.

1861-ல் அங்கே வந்த பைரவி பிராம்மணி என்ற பெண் துறவிதான், இது நோயல்ல, மகாபாவம் என்னும் உயர்ந்த பக்திநிலை என்று சாஸ்திரம் காட்டி நிறுவினார்.

ஆனாலும் சாரதையின் ஊரில் பேச்சு ஓயவில்லை. பெண்டாட்டி மனம் என்ன பாடுபட்டிருக்கும், நினைத்துப் பாருங்கள்! 1872-ல், 18 வயதில், தந்தையுடன் கால்நடையாகவே புறப்பட்டார். வழியில் காய்ச்சல் வேறு. போய்ச் சேர்ந்ததும், மருந்து கொடுத்துப் பரிவோடு கவனித்துக்கொண்டார் கணவர். பித்துப் பிடித்தவர் இப்படியா இருப்பார்? சாரதையின் கலக்கம் தீர்ந்தது.

இரவில் அவர் சமாதியில் அசைவற்றிருக்கும்போது மட்டும் சாரதைக்குப் பயமாக இருக்கும். எந்த அறிகுறி தெரிந்தால் எந்தத் திருநாமத்தைக் காதில் சொல்ல வேண்டும் என்று அவரே கற்றுக்கொடுத்தார். அதற்காக மனைவி தூங்காமல் விழித்திருக்கிறாள் என்று தெரிந்ததும், வேறிடத்தில் நிம்மதியாகத் தூங்க ஏற்பாடு செய்தார்.

1885-ல் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்தவர் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார். விஞ்ஞானத்தில் ஊறியவர். பரமஹம்சர் சமாதியில் இருந்தபோது ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சோதித்தார். உடன் வந்த மருத்துவர் கண்விழியைத் தொட்டே பார்த்தார். இமை அசையவில்லை! இருவரும் வியந்தார்கள்.

1886 ஆகஸ்ட் 16-ல் பரமஹம்சர் மகாசமாதி அடைந்தார்.

விழிப்பு, கனவு, உறக்கம் ஆகிய மூன்றையும் கடந்த நான்காவதைத் துரியம் என்கின்றன உபநிடதங்கள். இன்று தியானம் செய்பவர்களின் மூளை அலைகளைக் கருவி வைத்து அளக்கிறார்கள். பித்துக்கும் பரவசத்துக்கும் வித்தியாசம் அறிய சாரதைக்குக் கருவி தேவைப்படவில்லை. சமாதி கலைந்தபின் கணவர் எவ்வளவு அன்பாக நடந்துகொள்கிறார் என்பதைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். வீட்டில் யாருக்காவது நினைவு தப்பினால், சாமி வந்திருக்கிறது என்று சும்மா இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பரமஹம்சருக்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அதனால் அவருடைய பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லையே!